செல்லப்பனின் கோணல் வட்டங்கள்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு ரேஷன் கடை முன்னால் ஆட்கள் இன்னமும் தள்ளித் தள்ளித்தான் நிற்கிறார்கள். கொரோனா போய், முகக்கவசம் போய், கையைக் கழுவுகிற நல்ல பழக்கமும் கூடவே போய்விட்டது. அந்த இடைவெளி மட்டும் போகவில்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம், யாரும் நிற்பதில்லை. தினமும் குடோனுக்குப் போகிற வழியில் பார்த்துப் பார்த்து எனக்கு அது உறைக்காமல் போயிருந்தது. போன வருஷம் விருதுநகரிலிருந்து மச்சினன் வந்தபோதுதான் மறுபடி விநோதமாகப் பட்டது. அவனைச் சாயா குடிக்கக் கூட்டிப் போனேன். நம்ம ஊரில் இரண்டு பேருக்கு நடுவே இடம் இருந்தால் அது நமக்காக விடப்பட்ட இடம். அந்த நியாயப்படி மச்சினன் வழியில் இருந்த ரேஷன் வரிசைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் தாண்டுவதற்குள் போன் அடிக்கவே, அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டான். பின்னால் நின்ற அம்மாள் அவன் தோளைத் தட்டி, வரிசையின் வாலைக் கையால் காட்டினார். கோபம் ஒன்றும் இல்லை. படுக்கையறைக்குள் தெரியாமல் வந்துவிட்ட விருந்தாளிக்குக் கூடத்தைக் காட்டுகிற மரியாதைதான். வரிசையை விட்டு வெளியே வந்த மச்சினன் கேட்டான்: "ஏன் அத்தான், இந்த ஊர்ல யாருக்கும் யாரோடவும் பேச்சுவார்த்தை கிடையாதா?"

அப்போது அவனிடம் சொன்னதை ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கும், என்னைப் போல் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் சொல்கிறேன். அந்தத் தரையில் ஒரு காலத்தில் வட்டங்கள் இருந்தன. சுண்ணாம்பு அழிந்துவிட்டது, கால்களுக்கு மறக்கவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் கூட, காரணம் கேட்காமல், முன்னால் நிற்பவரைப் பார்த்து அதே அளவு தள்ளி நிற்கிறார்கள். மலையாளிகளிடம் நான் கண்ட பெரிய குணம் இது. எந்த அரசாங்கத்தையும் நம்ப மாட்டார்கள். வரிசையை மட்டும் நம்புவார்கள்.

நான் இங்கே வந்தது மிளகாய் வத்தல் மூட்டைகளோடு. "ரெண்டு மாசம் இருந்து மார்க்கெட்டப் பாத்துட்டு வா" என்று அனுப்பிய முதலாளி, திரும்பி வரச் சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பக் கூப்பிட ஆள் இல்லாததால் தலைமுடி நரைக்கிறவரை இருந்துவிட்டேன். கிழக்கேயிருந்து வருகிற எல்லோருக்கும் இங்கே ஒரே பெயர், அண்ணாச்சி. விருதுநகருக்குப் போனாலோ, "சேட்டன் வந்தாச்சு" என்று சொல்லித் தேங்காய் எண்ணெயில் சமைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என் மலையாளம், வேட்டியை முண்டு என்று சொல்வதைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. பேச வாய் திறப்பதற்கு முன் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கம் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

வட்டங்களை வரைந்தவர் செல்லப்பன், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அவர் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த ஊரைச் சுத்தம் செய்யக் கூட்டிவந்த குடும்பம். பேப்பர் வாசிப்பது மலையாளத்தில், திட்டுவது தமிழில், கணக்குப் போடுவது இரண்டிலும் என்று வாழ்ந்த மனிதர். ஊரடங்கின் முதல் வாரத்தில், ரேஷன் கடை முன்னால் வட்டம் போடச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு. சுண்ணாம்பு கொடுத்தார்கள், வட்டம் போட ஒரு கருவியும் கொடுக்கவில்லை. கடை நடத்தும் ஷம்சு இக்காவின் (இக்கா என்றால் இங்கே அண்ணன்) கொல்லையில் கிடந்த பழைய சைக்கிள் டயரை எடுத்தார். அது வருஷக்கணக்கில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் கிடந்து நசுங்கிய டயர். அதைத் தரையில் வைத்து உள்விளிம்பை ஒட்டிச் சுண்ணாம்பு இழுத்துக்கொண்டே போனார். ஒன்றாவது வட்டமாக வரவேண்டுமே. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் கூம்பி, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கோணல். "செல்லப்பா, இது வட்டமா, பலாக்கொட்டையா?" என்று கேட்டேன். மூக்குக்குக் கீழே நழுவிய துண்டை ஏற்றிக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, கொரோனா வந்து அளவெடுத்துட்டா இருக்கப் போவுது? வெள்ளையா எதயாவது கண்டா மதி, அது போதும் அதுக்கு, போயிக்கும்."

அந்தப் பலாக்கொட்டைகளுக்குள் பிறகு ஒரு தனிச் சமுதாயமே உருவானது. யார் எந்த வட்டம் என்பது எழுதாத சட்டம். பாதாம் மர நிழல் விழுகிற மூன்றாவது வட்டம், ரிட்டயர்டு வாத்தியார் பாலகிருஷ்ணன் மாஷுக்கு. அதற்கு மூன்று தள்ளி ஐஷும்மா. அவருக்கு முன்னால் எப்போதும் கார்த்தியாயனி சேச்சி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே மருமகள்களைப் பற்றி விரிவாகப் பேசி முடிப்பார்கள். வெயில் ஏறியதும், பையை வட்டத்துக்குள் வைத்துவிட்டு எதிர்ச்சுவர் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பை வரிசையில் நிற்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற நம் நாகரிகம் கடைசியில் கேரளத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன்.

இரண்டாவது அலையில் செல்லப்பன் போய்விட்டார். மனைவி செல்விக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல். வீட்டை அடைத்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேரே கொண்டுபோனார்கள். முகம் காட்டவில்லை. காட்ட முடியாத காலம் அது, யாரைக் குறை சொல்ல? பிறகு அவர் வேலையை மாநகராட்சி செல்விக்குக் கொடுத்தது. அவர் கூட்டிய தெருவைத்தான் இவர் கூட்டுகிறார். எனக்கு இளையவர்தான், ஆனாலும் தெருவே அவரைச் செல்வி அக்கா என்பதால் நானும் அப்படித்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. நோயில் போனவர்களுக்கு ஒரு ஸ்மாரகம், அதாவது நினைவுச் சின்னம், வேண்டும். அதே சமயம் மாநகராட்சி எங்கள் தெருவுக்கு மழைக்கு முன் டைல்ஸ் பதிக்கப் போகிறது. டைல்ஸோடு டைல்ஸாக ஸ்மாரகத்தையும் நட்டுவிடலாம். வாசகசாலையில் கூட்டம். கேரளத்தில் மூன்று பேர் ஒரே திசையில் பார்த்தால் கமிட்டி போட்டுவிடுவார்கள். கன்வீனர் யார் என்பதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இழுபறி. கடைசியில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். தமிழன், எந்தக் கட்சியிலும் இல்லை, ஓட்டே இங்கே இல்லையோ என்று சந்தேகம். நான் மறுப்பதற்காக ஒரு கௌரவமான மலையாள வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். வினைச்சொல்லை வந்தடைவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். பிறகு மாஷிடம் முறையிட்டபோது அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அண்ணாச்சி மிண்டாதிருந்நது சம்மதம் கொண்டல்லே?" சம்மதம் என்பதால்தானே பேசாமல் இருந்தீர்கள் என்கிறார். நம்ம ஊரில் பதவி கொடுத்தால் வேண்டாம் வேண்டாம் என்று சத்தம் போட்டுத்தான் வாங்கிக்கொள்வோம். இங்கே சும்மா இருந்தால் கிடைத்துவிடுகிறது.

ஸ்மாரகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கற்பனை. இங்கே செத்தவர் நினைவாகப் பேருந்து நிழற்குடை கட்டுவது வழக்கம். எங்கள் தெருவில் பஸ் வராது என்று சொன்னேன். நிழற்குடை கட்டினால் பஸ் வர வேண்டியதாகிவிடும் என்றார் ஒருவர். ஃபோர்ட்கொச்சிக் கண்காட்சிக்கு வந்து ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட ஒரு கலைஞர், இரும்புக் குழாயில் பிரம்மாண்டமான கொரோனா கிருமி செய்து தருவதாகச் சொன்னார். குழந்தைகள் ஏறி விளையாடலாமாம். நம்ம ஊர் வழக்கப்படி சிலை வைக்கலாம் என்று நானும் வாயை விட்டேன். முகக்கவசம் போட்ட சிலையாக வைத்தால் யாருடைய முகம் என்கிற சண்டை வராது, கூண்டு மட்டும் தனியாகச் செய்ய வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. கூண்டு எதற்கு என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். தமிழ்நாட்டில் சிலைகளைக் கூண்டுக்குள் வைத்துப் பாதுகாக்கிற நம் அன்பை அவருக்கு விளக்க என் மலையாளம் போதவில்லை. கடைசியில் கருங்கல் பலகைதான் என்று முடிவாகிற நேரம். திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர் பெயர்களுக்கு இடம் போக, செத்தவர்களுக்கு எத்தனை விரற்கடை மிஞ்சும் என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது செல்வி அக்கா சீருடையோடு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் என்னைப் பார்த்தே பேசினார். "கல்லு வேண்டா அண்ணாச்சி. கல்லுல அவரு பேரு வெச்சா ஆரு நின்னு வாசிக்கும்? ரேஷன் கடை செவுத்துக்கிட்ட அவரு வரச்ச வட்டம் பாதி இப்பவும் கெடக்கு. லாரி ஏறாத, மழ படாத எடம். டைல்ஸ் போட்டா அதும் போயிரும். அவரு கையில வரச்சதுன்னு எனிக்கு இந்த ஊருல வேற ஒண்ணும் இல்ல. அத விட்டுட்டுப் போடச் சொல்லுங்க."

வட்டம் எப்படியய்யா ஸ்மாரகமாகும் என்று மாஷ் கேட்டார். கெட்டவர் அல்ல; நாற்பது வருஷம் ஜியோமெட்ரி நடத்தியவர், அதுவும் கோணல் வட்டம் என்றால் அவருக்கு வலிக்கும். நான் கன்வீனர் என்கிற முறையில் ஒரு விஷமம் செய்தேன். வட்டங்களை முழுசாக மறுபடி வரைவோம். திங்கட்கிழமை கவுன்சிலரைக் கூப்பிட்டுத் திறந்து வைப்போம். ஜனங்களுக்குப் பிடித்தால் வட்டங்கள் இருக்கிற அந்தத் தரைப் பட்டையை விட்டுவிட்டு டைல்ஸ் போடச் சொல்லுவோம், பிடிக்காவிட்டால் கல். சண்டை ஓய்ந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். செல்வி அக்காவின் பாதி வட்டம் பிழைக்குமா என்பது அந்த ஒரு காலைப் பொழுதின் கையில் போயிற்று.

ஞாயிறு சாயங்காலம், கடை விடுமுறை, வெயில் தாழ்ந்ததும் வேலை ஆரம்பித்தது. ஷம்சு இக்கா கொல்லையிலிருந்து அதே டயரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் நசுங்கியிருந்தது. சுவரோரத்துப் பாதி வட்டத்தை மட்டும் தொடாமல் செல்வி அக்கா குனிந்து வரைய ஆரம்பித்தார். மாஷ் ஒரு ஆணியும் கயிறுமாக வந்து, இதோ சுத்தமான வட்டம் போட்டுத் தருகிறேன் என்றார். செல்வி அக்கா நிமிரவில்லை. "மாஷே, வட்டம் சரியா வந்தா வேற ஆரோ வரச்சதுன்னு ஆயிரும்" என்றார். மாஷ் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நான் மேற்பார்வை பார்த்தேன். அதாவது ஈரச் சுண்ணாம்பை மிதித்துத் திட்டு வாங்கினேன்.

இது ஸ்மாரகம், பயப்படாதீர்கள் என்று விளக்குகிற ஃபிளெக்ஸ் போர்டு திங்கட்கிழமை விடியுமுன் வந்திருக்க வேண்டும். யாருடைய படம் பெரிது என்பதில் கமிட்டிக்குள் ஏற்பட்ட தகராறில் அது அச்சகத்திலேயே கிடந்தது. ஆகவே திங்கள் காலையில் தெரு கண் விழித்தபோது ரேஷன் கடை முன்னால் வட்டங்கள் மட்டுமே இருந்தன. புத்தம் புதுசாக, வெள்ளை வெளேரென்று.

முதலில் வந்தவர் ஐஷும்மா என்று ஷம்சு இக்கா பிறகு சொன்னார். வட்டங்களைப் பார்த்தார். ஒரு கேள்வி இல்லை. தலையில் போட்டிருந்த தட்டத் துணியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, போய் ஒரு வட்டத்துக்குள் நின்றார். இரண்டாவதாக வந்தவர் ஐஷும்மாவின் மூக்கைப் பார்த்தார். மூன்றாவது ஆள் வந்தபோது நோய் உறுதிப்பட்டுவிட்டது. நாலாவது ஆள், அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது வரை தெரிந்துகொண்டு வந்தார். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் கண்ணாடியில் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்த பழைய முகக்கவசத்தை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். சுள்ளிக்கலில் பள்ளிக்கூட வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கும்பளங்கியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் போன் செய்து, பாலத்தை எப்போது அடைக்கிறார்கள் என்று கேட்டாராம். வரிசை பலாக்கொட்டைகளைத் தாண்டி, தெரு முனையில் திரும்பி, பஜார் பக்கம் நீண்டுவிட்டது.

குடோனிலிருந்து பத்து மணித் திறப்பு விழாவுக்கு, சலவை வேட்டியில் நான் வந்துகொண்டிருந்தேன். தெரு முனை திரும்பியதும் மூக்கை மூடிய அந்த வரிசை. அத்தனை அமைதி. நான் யோசிக்கவில்லை, என் கை யோசித்தது. தோள் துண்டு மூக்குக்கு ஏறிவிட்டது. யாரோ சலித்துப்போய் விலகிய ஒரு வட்டம் நடுவில் காலியாக இருந்தது. அதில் போய் நின்றேன். வீட்டிலிருந்து மனைவி போன்: அரிசி, மாவு, ஆவி பிடிக்கிற மாத்திரை. நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்றேன், பொறுப்பான குடும்பத் தலைவனாக. பேசி முடித்துக் குனிந்தால், வட்டத்தின் விளிம்பில் ஒரு செருப்புத் தடம். அது என் செருப்பு. நான் வரையச் சொன்ன வட்டம், நான் மிதித்த சுண்ணாம்பு. ஊரையே பயமுறுத்திய கிருமி நான்தான். உடனே மனைவியைக் கூப்பிட்டு, இது நம்ம ஸ்மாரகம்தான் என்று சொன்னேன். "சும்மா இருங்க. போன தடவையும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னீங்க" என்று வைத்துவிட்டாள்.

மாஷ் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஸ்டேஷனிலிருந்து கேட்கிறார்களாம், கவுன்சிலர் கொதிக்கிறாராம். வரிசை நெடுக நடந்து, இது வெறும் ஞாபகார்த்தம், நோய் ஒன்றும் இல்லை, முகத்தைத் திறங்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். மாஷ் என் முன்னால் வந்து நின்று, அழியுங்கள் என்றார், இப்போதே. தெருவைக் கழுவுவது யார் வேலை? செல்வி அக்கா வேலை. அவர் சற்றுத் தள்ளி வாளியும் துடைப்பமுமாகத்தான் நின்றிருந்தார். நான் கன்வீனருக்கு உரிய தோரணையில் ஒரு வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினேன்.

அது முடிவதற்குள் அவர் வாளியைக் கீழே வைத்தார். சுவர் ஓரமாகப் போய், செல்லப்பன் கையால் வரைந்த அந்தப் பாதி வட்டத்துக்குள் நின்றுகொண்டார். சத்தம் போடவில்லை. "மாஷே, இத்தன ஆளு ஆரும் பறயாம, சொல்லாம, ஒரு வார்த்த கேக்காம வந்து நின்னுச்சல்ல. நீங்க கல்லு வெச்சா இப்படி நிக்குமா?"

ஐஷும்மாதான் பேசினார். அவர் தன் முன்னால் நின்ற பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோளே, ஒந்நு மாறி நில்க்கு. அது கார்த்தியாயனியுடெ ஸ்தலமா" என்றார். கொஞ்சம் விலகி நிற்க வேண்டுமாம், அது கார்த்தியாயனியின் இடமாம். அந்தச் சேச்சி செல்லப்பனுக்குப் பின் சில வாரங்களில் போனவர். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு வட்டத்தை விட்டு இறங்கினாள். அவளுக்கு இடம் விட ஐஷும்மா ஒரு வட்டம் பின்னால் வந்தார். ஐஷும்மாவுக்காக அவருக்குப் பின்னால் இருந்தவர். அதற்குள் இன்னொருவர், எனக்கு முன்னால் நின்ற பெரியவர், தன் தம்பி எங்கே நிற்பான் என்று காட்டிவிட்டு அந்த வட்டத்தைக் காலி செய்தார். பிறகு இன்னொருவர். ரேஷன் வரிசை முன்னால் நகரும், நகராமல் நிற்கும்; பின்னால் நகர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடு நடுவே வெறும் பலாக்கொட்டைகள் திறந்துகொண்டே போயின. மாஷ் பாதாம் மரத்தடிக்குப் போய், மூன்றாவது வட்டத்துக்கு வந்ததும் அதில் ஏறாமல், நாலாவதில் நின்றார். அந்த நாட்களில் மூன்றாவதில் அவரோடு குடை பிடித்து நின்றுகொண்டிருந்தவர் டீச்சர், நோயில் போன அவர் மனைவி. எனக்கே அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திறப்பு விழாவுக்கு வந்து சேர்ந்த கவுன்சிலர், எதைத் திறப்பது என்று தெரியாமல் கத்தரிக்கோலோடு நின்றார். அவரையும் பின்னால் போகச் சொன்னார்கள். அந்தப் பட்டையை விட்டுவிட்டு டைல்ஸ் பதிக்கும்படி ஒப்பந்தக்காரரிடம் பிறகு பேசியது மாஷ்தான். வட்டங்களின் கோணலைத் திருத்தக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாராம்.

பின்னால் பின்னால் வந்து நான் கடைசி வட்டத்தையும் தாண்டி, பஜாருக்குத் திரும்புகிற வெறும் ரோட்டில் நின்றேன். செல்வி அக்கா டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு வந்தார். அண்ணாச்சிக்கு ஆராவது உண்டா என்று கேட்டார். இத்தனை வருஷம் பழகியும் என்னை யாரும் இங்கே கேட்காத கேள்வி அது, நானும் சொன்னதில்லை. எல்லை அடைத்திருந்த நாட்களில் விருதுநகரில் அம்மா போனார். மச்சினன் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, குடோன் மூட்டைகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். சிக்னல் போய்ப் போய் வந்தது.

"அம்மா" என்றேன். "ஆனா அவங்க இந்த ஊருக்கு வந்ததே இல்லக்கா. இங்க நின்னதில்ல."

"அதுக்கென்ன, இப்ப நிக்கட்டும்" என்று சொல்லி, எனக்கு முன்னால் டயரைப் போட்டார். வாளியைச் சுரண்டிச் சுரண்டித்தான் அந்த வட்டம் முடிந்தது. அடுத்ததற்குச் சுண்ணாம்பு இல்லை. திறப்பு விழாவுக்காக அடைத்தே வைத்திருந்த கடைக் கதவை ஷம்சு இக்கா திறக்க, வரிசை ஆளில்லாத வட்டங்களையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக முன்னால் அசைந்தது. அண்ணாச்சிக்குத்தான் இங்கே கார்டு கிடையாதே, எதற்கு நிற்கிறார் என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. மட்டாஞ்சேரியை ஒரு தடவை கூடப் பார்க்காத அம்மாவுக்கு இந்தத் தெருவில் ஒரு இடம் உண்டாகிவிட்டது. பாதி ஆயுசை இங்கேயே கழித்த நான், ஈரம் காயாத அந்த வட்டத்தை மிதித்துவிடாமல், அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.